மலையில் டிரெய்லர் இழுக்கும் பெட்ரோல் மினி டிரக்: 30 லிட்டர் டேங்க் பத்தவில்லை, என்ன வழி?

மன்னவனூர் பூண்டு:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் மினி டிரக், 2021 மாடல். டேங்க் 30 லிட்டர். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று இழுக்கிறேன். அதில் 500 லிட்டர் சின்டெக்ஸ், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர். பூண்டு, கேரட், உருளை எல்லாம் படிக்கட்டு வயல். ரோட்டிலிருந்து மேல் வயலுக்குப் போகும் மண் பாதை நல்ல ஏற்றம்.

வெறும் வண்டியாக ரோட்டில் போனால் லிட்டருக்கு 13, 14 கிலோமீட்டர் கொடுக்கும். டிரெய்லரை மாட்டிவிட்டால் 5, 6 கூடத் தேறுவதில்லை. நான் பெட்ரோல் போடுவது கொடைக்கானல் டவுனில்தான். போய்வர 70 கிலோமீட்டர். பெட்ரோல் போடப் போய்வரவே 5 லிட்டர் காலி. சீசனில் டூரிஸ்ட் கார்களோடு வரிசையில் வேறு நிற்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ரோடு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் சேசிஸ் நடுவில் 40 லிட்டர் டேங்க் ஒன்று செய்து, பழைய டேங்கோடு ஹோஸ் போட்டு இணைத்துத் தருகிறேன் என்கிறார். போடலாமா? டீசல் பிக்கப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வண்டிக்கே இன்னும் டியூ ஓடுகிறது.

இன்னொன்று. முள் கால்வாசிக்கு வந்துவிட்டால் ஏற்றத்தில் வண்டி இழுத்து இழுத்து அடிக்கிறது. பெட்ரோல் இருக்கும்போதே ஏன் அப்படி?

கோத்தகிரி இலை:
வெல்டிங் டேங்க் வேண்டவே வேண்டாம். மற்றதை அனுபவசாலிகள் சொல்லட்டும். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த டிரெய்லருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) இருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். எங்கள் பக்கம் தேயிலை எஸ்டேட்டுகளில் டிராக்டர் டிரெய்லருக்குத் தனி நம்பர் இருக்கும். சொந்தத் தோட்டத்துக்குள் யாரும் கேட்கமாட்டார்கள், ரோட்டைக் கடக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெருமாள்மலை ஸ்பேனர்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே இருக்கிறது. ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கியதும் பெட்ரோல் முழுக்கப் பின்பக்கம் ஓடிவிடும். பம்பு உறிஞ்சும் இடத்தில் கொஞ்ச நேரம் காற்றுதான் இருக்கும். அதனால்தான் இழுத்து அடிக்கிறது. அந்தப் பம்பைக் குளிர வைப்பதும் அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். ரிசர்விலேயே மலை ஏறினால் பம்பு சூடாகிச் சீக்கிரம் போய்விடும். ஆகவே 30 லிட்டர் டேங்க் என்பது மலையடிவாரத்தில் இருக்கும் காட்ரோட்டுக்குக் கீழே சரி. உங்கள் மண் பாதையில் அதை 24, 25 லிட்டர் டேங்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பங்க்கில் வாய் வரைக்கும் ஊற்றச் சொல்லாதீர்கள். முனை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலே விட்டிருக்கும் இடம் ஆவிக்கானது. ஆவியைப் பிடித்து வைக்கக் கரித்தூள் டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் பெட்ரோல் இறங்கினால் டப்பா காலி. அரை லிட்டர் கூடுதலாக ஏற்றப் போய் ஆயிரக்கணக்கில் செலவு வைப்பவர்களைப் பார்க்கிறேன்.

வண்டியை ஒருமுறை டிரெய்லரோடு ஓட்டிவிட்டு, நின்றதும் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஏதாவது ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, இல்லை பேரிங் இறுகியிருக்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் செய்த டிரெய்லர்களில் இது சாதாரணம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை டேங்க் போட்டாலும் வீண்.

டெக்சாஸ் திண்டுக்கல்லான்:
எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு, இப்போது இருப்பது டெக்சாஸ். இங்கே பெட்ரோல் பிக்கப்பில் கேரவன் இழுப்பவர்களின் பெரிய புலம்பலே இதுதான். உங்கள் தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

ஃபோர்டு எஃப்-150 வண்டிக்குப் பெரிய டேங்காக 36 கேலன் வருகிறது, அதாவது 136 லிட்டர். சுமை இல்லாமல் லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, உயரமான கேரவனை மாட்டினால் 4 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். கணக்குப்படி 500 கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும், ஆனால் ஆள் இல்லாத மேற்கு டெக்சாஸில் யாரும் கடைசிச் சொட்டு வரை ஓட்டமாட்டார்கள். 350, 400-லேயே பங்க்கைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இங்கே கூடுதல் டேங்க் விற்பது பெரிய தொழில். ஆனால் அதில் பெரும்பாலானவை டீசலுக்கு மட்டும். பின்தொட்டியில் ஒரு பெட்டி, அதிலிருந்து தானாக மெயின் டேங்குக்கு இறங்கும் குழாய். பெட்ரோலுக்கு அப்படிச் செய்துகொடுக்க யோசிப்பார்கள். பெட்ரோல் ஆவி சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும், அதோடு ஆவி வெளியேறக் கூடாது என்ற சட்டமும் இருக்கிறது. அதனால் பெட்ரோல்காரர்கள் கம்பெனியிலேயே பெரிய டேங்க் கேட்டு வாங்குவார்கள், இல்லையென்றால் கேன்.

மற்றபடி எல்லோரும் சொல்லும் அறிவுரை வேகத்தைக் குறை என்பதுதான். 120-லிருந்து 100-க்கு இறங்கினாலே காற்றுத் தடை 30 சதவீதம் குறையும்.

மன்னவனூர் பூண்டு:
அண்ணே, எங்கள் பாதையில் 120 போனால் நேராகக் கூக்கால் ஏரியில்தான் போய் விழவேண்டும் :)

பண்ணைக்காடு வாத்தியார்:
சிரிப்பு இருக்கட்டும், விஷயமே அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காக்காரரின் எதிரி காற்று. உங்களுடைய எதிரி எடை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மணிக்கு 25 கிலோமீட்டரில் அது 100-ல் இருப்பதில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் தார்ப்பாய் கட்டுவது, பின்கதவைத் திறந்து வைப்பது, கேபினுக்கு மேலே தகடு வைப்பது போன்ற இன்டர்நெட் யோசனைகளால் உங்களுக்கு ஒரு பைசா மிச்சமாகாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டி, டிரைவர், உதவிக்கு ஓர் ஆள், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 1300 கிலோ. டிரெய்லரும் தண்ணீரும் 700 கிலோ. மொத்தம் 2 டன். ரோட்டிலிருந்து மேல் வயல் 200 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2000 × 9.8 × 200 = ஏறத்தாழ 39 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது, ஆனால் எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், அதாவது 80 லட்சம். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் அரை லிட்டர்.

அடுத்து மண் பாதை. ஈர மண்ணில் சக்கரம் உருள எடையில் 20-ல் ஒரு பங்கு விசை தேவைப்படலாம். 4 கிலோமீட்டர் பாதை என்றால் அதற்கும் கிட்டத்தட்ட அதே அரை லிட்டர். ஆக ஒரு நடைக்கு 1 லிட்டர், 4 கிலோமீட்டருக்கு. நீங்கள் சொன்ன மைலேஜோடு ஒத்துப் போகிறதா? வண்டியில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை, இயற்பியல்தான் குடிக்கிறது.

இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் டிரெய்லருக்குப் போகிறது. 500 கிலோ தண்ணீர் மட்டும் நடைக்குக் கால் லிட்டர் பெட்ரோல். எந்த மெக்கானிக்காலும் இந்தக் கால் லிட்டரைத் திருப்பித் தர முடியாது.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
ஏற்றத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, சரி. இறங்கும்போது நியூட்ரல் போட்டுவிட்டால் போச்சு. பெருமாள்மலையிலிருந்து ஊத்து, டம்டம் பாறை தாண்டிக் காட்ரோடு வரை நான் அப்படித்தான் இறங்குவேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை.

பெருமாள்மலை ஸ்பேனர்:
யார் சாமி நீங்கள். இதைப் படித்து ஒரு பையன் டிரெய்லரோடு அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியுமா?

இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். செலவு சுழியம். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடியாக வேண்டும், அதற்குப் பெட்ரோல் குடிக்கும். ஆக நியூட்ரலில்தான் செலவு அதிகம். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினையே நிறுத்திவிடும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இரண்டு மிதி மிதித்ததும் பிரேக் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்துபோய் பெடல் கல்லாகிவிடும்.

பூண்டுத் தம்பி, உங்கள் டிரெய்லரில் பிரேக் இருக்காது. 700 கிலோ பின்னாலிருந்து தள்ளும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், முதல் கியர் என்றால் முதல் கியர். தண்ணீர் வைத்திருந்தால் சின்டெக்ஸ் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். பாதி டேங்க் தண்ணீர் வளைவில் அலையடித்து வண்டியைப் பிடித்து இழுக்கும்.

ஏறும்போதும் ஒரு விஷயம். நம் உயரத்தில் காற்று அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் பவரும் அதே அளவு குறையும். கீழ்நாட்டில் இரண்டாவது கியரில் ஏறும் சுமை இங்கே ஏறாது. அதைக் கிளட்சைப் பாதி மிதித்துச் சமாளிக்கிறவர்கள்தான் அதிகம். பெட்ரோல் அங்கே வீணாகிறது, கிளட்ச் பிளேட்டும் கருகுகிறது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வாருங்கள், காலை முழுக்க எடுங்கள், எஞ்சின் கத்தட்டும், தப்பில்லை.

தாண்டிக்குடி காப்பி:
சி.என்.ஜி. மாடலுக்கு மாறினால் என்ன? கிலோமீட்டருக்குச் செலவு குறைவு என்கிறார்கள்.

பெருமாள்மலை ஸ்பேனர்:
கீழே ஓட்டுபவர்களுக்கு நல்லது. மலையில் பவர் இன்னும் கொஞ்சம் குறையும், சிலிண்டர் எடை சுமையைச் சாப்பிடும். சில மாடலில் அவசரத்துக்கு என்று கொடுக்கும் பெட்ரோல் டேங்க் 5 லிட்டர்தான். மன்னவனூர்க்காரருக்கு அது எந்த மூலைக்கு?

மன்னவனூர் பூண்டு:
வாத்தியாரே, அந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். "இதற்குத்தான் காலேஜ் போனாயா, தண்ணீர் கனம் என்று எனக்குத் தெரியாதா" என்றார்.

சரி, வெல்டிங் டேங்க் வேண்டாம் என்றால் கேனில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? பங்க்கில் பிளாஸ்டிக் கேனுக்கு ஊற்றமாட்டேன் என்கிறார்கள்.

செண்பகனூர் பேனா:
ஊற்றாதது சரிதான். 1934 பெட்ரோலியச் சட்டம் 8-ம் பிரிவின்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள, எடுத்துப்போக லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பாத்திரம் இறுக மூடிய உலோகக் கேனாக இருக்கவேண்டும், ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகக்கூடாது. கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் ஒன்று வாங்குங்கள், மிலிட்டரி ஜீப்பில் மாட்டியிருப்பார்களே, அதே வகை.

வண்டியை மாற்றி அமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு. ஆர்.சி.யில் இருக்கும் கம்பெனி விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது. உங்களுடையது சரக்கு வண்டி, எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது கீழே குனிந்து பார்ப்பார்கள்.

பாச்சலூர் லோடு:
எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டாவது டேங்க் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. லாரிக்கு இரண்டு டேங்க் இருக்கிறதே, அது மட்டும் வெடிக்கிறதா? 20 லிட்டர் கேனைக் கையில் தூக்கி ஊற்றுவதைவிட பட்டறைக்காரர் பொருத்தும் டேங்க் மேல். கேனில்தான் சிந்தும், மணக்கும்.

பெருமாள்மலை ஸ்பேனர்:
கேன் சிந்தும் என்பது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாரி டேங்க் டீசல். டெக்சாஸ் அண்ணன் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போய்க் கலையாது, சேசிஸுக்குக் கீழேயே தங்கும். சைலன்சர் அங்கேதான் போகிறது. கம்பெனி டேங்கில் வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு இருக்கிறது, ஆவிக்குத் தனிக் குழாய் இருக்கிறது, கல் அடிக்காத இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். பட்டறை டேங்கில் இருப்பது நான்கு தகடும் ஒரு ஹோஸும். மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வெல்டிங்கில் முடி அளவு விரிசல் விட்டால் போதும். ஒன்றும் ஆகவில்லை என்பவர்களிடம் அந்த டேங்குக்குக் கீழே படுத்து பீடி பற்றவைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

40 லிட்டர் பெட்ரோல், டேங்க் தகடு, கிளாம்பு எல்லாம் சேர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதையும் சேர்த்துத்தான் ஏற்றத்தில் இழுக்க வேண்டும். வாத்தியார் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேனுக்குச் சில விஷயங்கள். பங்க்கில் நிரப்பும்போது கேனைத் தரையில் இறக்கி வையுங்கள், வண்டித் தொட்டியில் வைத்தபடி நிரப்பாதீர்கள், நிலைமின்சாரம் பொறி விடும். கழுத்து வரை நிரப்பாமல் இடம் விடுங்கள், ஏனென்றால் மதிய வெயிலில் விரியும். அடுப்படி ஒட்டிய அறையில் வேண்டாம், தனிக் கொட்டகை. ஊற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், நீளக் கழுத்துப் புனல் வேண்டும்.

கோத்தகிரி இலை:
கேன் பெட்ரோலை நெடுநாள் வைக்காதீர்கள் என்பதையும் சேருங்கள். இப்போது வருவது இ-20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் இரண்டு மலையிலும் பனிமூட்டத்துக்குப் பஞ்சமா? தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து நின்றுவிடும், பம்பு முதலில் உறிஞ்சுவது அதைத்தான். வண்டி டேங்கையும் ராத்திரியில் கால் டேங்கோடு நிறுத்தாமல் பாதிக்கு மேல் வைத்திருந்தால் உள்ளே ஈரம் படிவது குறையும்.

உங்களுடையது 2021 மாடல், இ-20-க்கு முந்தைய வண்டி. எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படிப்பட்ட நான்கு சக்கர வண்டிகளுக்கு மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. 30 லிட்டரில் 2 லிட்டர் அங்கே போச்சு.

டெக்சாஸ் திண்டுக்கல்லான்:
இன்னொன்று நினைவுக்கு வந்தது. இங்கே டிரெய்லர் எடையில் 10-லிருந்து 15 சதவீதம் கொக்கியில் இறங்கும்படி சுமையை வைப்பார்கள். சின்டெக்ஸ் டிரெய்லரின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தால் அது வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும், பின்சக்கரம் ஏற்றத்தில் வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் பெட்ரோல்தான். அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்திப் பாருங்கள். வண்டிக் கையேட்டில் இழுவை எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள் தம்பி. இங்கே அந்த எண் இல்லாமல் யாரும் கொக்கியே மாட்டமாட்டார்கள்.

கவுஞ்சிப் பெரியவர்:
பேரன் படித்துக் காட்டினான். எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீரை எதற்காகக் கீழேயிருந்து மேலே இழுக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லையே. மேல் வயலுக்கு மேலே ஊற்று இருக்கிறதா தம்பி?

மன்னவனூர் பூண்டு:
இருக்கிறதுங்கய்யா. வேலிக்கு மேலே சின்ன ஓடை. மாசி வரை ஓடும், பங்குனி சித்திரையில் காய்ந்துவிடும். கீழே ரோட்டோரம் கிணறு இருப்பதால் அங்கேயே நிரப்பிப் பழகிவிட்டது.

கவுஞ்சிப் பெரியவர்:
அப்புறம் என்ன? சின்டெக்ஸை ஓடை ஓரத்தில் இறக்கி வை. ஹோஸ் போட்டு ராத்திரி முழுக்கச் சொட்டினாலும் காலையில் நிரம்பியிருக்கும். ஸ்பிரேயரை மட்டும் வண்டித் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போ. ஓடை காயும் இரண்டு மாசத்துக்கு மட்டும் டிரெய்லரை மாட்டு. மருந்தை மட்டும் ஓடைப் பக்கத்தில் கலக்காதே, வயலில் டிரம் வைத்துக் கலக்கு. கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பண்ணைக்காடு வாத்தியார்:
ஐயா சொன்னபடி செய்தால் 2 டன் 1300 கிலோவாகிறது, நடைக்கு 1 லிட்டர் 650 மில்லி ஆகிறது. 25 லிட்டரில் 25 நடைக்குப் பதில் 38 நடை. பட்டறை டேங்க் இல்லாமலேயே ஏறத்தாழ 13 லிட்டர் கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

மன்னவனூர் பூண்டு:
ஓடை ஓரத்துக்கு இன்று போய்ப் பார்த்தேன். டேங்க் வைக்கச் சமமான இடம் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதற்குப் பதில் டிரெய்லர் பேரிங் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இடதுபக்கச் சக்கரம் ஸ்பேனர் அண்ணன் சொன்ன மாதிரியே அனலடித்தது. பங்குனிக்கு மட்டும் இரும்புக் கேன் ஒன்று.

ஒரே சந்தேகம். சின்டெக்ஸிலிருந்து கடைசி வயல் 20 மீட்டர் கீழே இருக்கிறது, ஹோஸ் 100 மீட்டர் ஓடவேண்டும். அரை இஞ்சு ஹோஸ் வீட்டில் கிடக்கிறது, அது போதுமா?

பண்ணைக்காடு வாத்தியார்:
20 மீட்டர் இறக்கத்துக்கு அடியில் கிட்டத்தட்ட 2 பார் அழுத்தம் இருக்கும், ஆனால் அது தண்ணீர் நிற்கும்போது. ஓடும்போது அரை இஞ்சில் 100 மீட்டருக்கு உராய்விலேயே பெரும்பகுதி போய்விடும், ஸ்பிரேயர் டிரம் நிரம்பக் காத்துக்கிடக்க வேண்டும். ஒரு இஞ்சு கறுப்பு ஹோஸ் வாங்குங்கள். டேங்க் வாயில் சல்லடை ஒன்று கட்டிவிடுங்கள், ஓடைத் தண்ணீரில் இலை வரும்.

கவுஞ்சிப் பெரியவர்:
ஹோஸை மண்ணில் ஒரு சாண் புதைத்துவிடு. காட்டெருமை மிதித்தால் மறுநாள் புதிது வாங்க நீ டவுனுக்குத்தான் போகவேண்டும்.